தெருப்பூனை என்று எழுதியவள்

கிரேக்க நாட்டின் காவாலாத் துறைமுகத்தில் பூனைகளுக்கென்று ஒரு சங்கம் உண்டு. உறுப்பினர் பட்டியலில் பத்தொன்பது பெயர். அதில் பதினேழு பேர் ஃபேஸ்புக்கில் கண்ணீர் விடும் பொம்மையைப் போட்டுவிட்டு, தங்கள் கடமை முடிந்தது என்று தூங்கப் போகிறவர்கள். கூண்டு கழுவவும், மருந்து புகட்டவும், கையில் கீறல் வாங்கவும் மிச்சம் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி பார்த்தெனா, தண்ணீர் வாரியத்தின் கவுன்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து, ஊராரின் ஏச்சைக் கேட்டே ஓய்வு பெற்றவள். இன்னொருத்தி ஃபானி, மீன் சந்தையில் செதில் உரிப்பவள். நாக்கும் அதே கத்திதான்.

பழைய புகையிலைக் கிடங்கின் பின்புறம் நகராட்சி அவர்களுக்கு ஒரு கொட்டகை கொடுத்திருந்தது. தேர்தல் வந்தால் மேயர் அதைப் பற்றி மேடையில் பேசுவார். வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும் என்பதைப் பேசமாட்டார்.

வேலை இதுதான். தெருப்பூனையைக் கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும், டாக்டரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்ய வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். பூனை மயக்கத்தில் இருக்கும்போதே டாக்டர் அதன் இடது காதின் நுனியைக் கத்தரித்துவிடுவார். அதே பூனையை இன்னொரு தடவை பிடித்து இன்னொரு தடவை வயிற்றைக் கிழித்துவிடக் கூடாதே, அதற்காக அந்த அடையாளம். தோலுக்கடியில் நகராட்சியின் பெயரில் ஒரு சிப்பும் ஏறும். நுனி இல்லாத காது என்றால் அந்தப் பூனை ஊருக்குச் சொந்தம். அதாவது, யாருக்கும் சொந்தமில்லை.

செலவு நகராட்சியுடையது, ஆனால் தெருப்பூனைக்கு மட்டும். வீட்டுப் பூனை என்றால் வளர்ப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டைக்குக் கீழே மேட்டுத் தெருக்களில் இருந்த வயதானவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. கூடையைத் துணியால் மூடிக்கொண்டு வந்து, "பார்த்தெனா, என்னோடதுதான். ஆனா தெருவுல திரிஞ்சதுன்னு போட்டுக்கயேன்" என்று காதோரம் சொல்வார்கள். பார்த்தெனா போட்டுக்கொள்வாள். சட்டத்தைக் காட்டி ஏழைகளின் தண்ணீர் இணைப்பை வெட்டியே காலம் கழித்தவளுக்கு, ஒரு சின்னப் பொய்யால் நாலு பேருக்கு நல்லது செய்வது தித்தித்தது. அவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, கொண்டுவந்தவர் பெயரைக்கூடப் பாரத்தில் எழுதமாட்டாள். 'பிடித்தது: சங்கம். வசிப்பிடம்: தெரு.' அழகான கையெழுத்து அவளுக்கு.

லெமோனியா அப்படித் தெருப்பூனை ஆனவள்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்கிரிஸ் நாலு வருஷத்துக்கு முன்பு அவளைக் காய்கறிப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். எலுமிச்சை மஞ்சள் உடம்பு, மோவாயில் மட்டும் மை சிந்தினாற்போல ஒரு கறுப்புப் பொட்டு. அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வாயில் பேச்சும் அதிகம் இல்லை. அன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்டார்.

"காதை வெட்டாம முடியாதா?"

"சட்டம் அண்ணே. நுனி மட்டும்தான். அவளுக்குத் தெரியவே தெரியாது."

சாயங்காலம், காது நுனி போனவளை அதே பையில் வாங்கிக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு மேடேறிப் போனார். பார்த்தெனாவுக்கு அன்றைக்கு அது ஏழாவது பூனை.

நாலு வருஷம் கழித்து, ஓர் அக்டோபரில், ஆர்கிரிஸுக்கு நெஞ்சு அடைத்தது. தெசலோனிக்கியில் அறுவை சிகிச்சை செய்தார்கள், பிறகு திராமாவில் தங்கை வீட்டில் படுக்க வைத்தார்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டது. பூனைக்குச் சோறு வைக்கிறேன் என்று சாவி வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி பத்து நாள் வைத்தாள். பிறகு மகளின் பிரசவத்துக்கு ஏதென்ஸ் போனவள், போனவள்தான். தொலைபேசியில் மட்டும் "அவளுக்கென்ன, நல்லா இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்டவர்களுக்கு நெஞ்சு அடைப்பதில்லை.

பசி தாங்காமல் லெமோனியா ஜன்னல் வழியே குதித்து, மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். தாசோஸ் தீவுப் படகுக்குச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு அடியில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தவளை ஃபானி கண்டாள். கூண்டே தேவைப்படவில்லை. ஃபானி குனிந்ததும் மடியில் ஏறி, கழுத்தில் மூக்கைத் தேய்த்தாள்.

"மடியில ஏறுது. இதுவா தெருப்பூனை?" என்று ஃபானி கேட்டாள்.

பார்த்தெனா காதைப் பார்த்தாள். நுனி இல்லை. சிப் படிக்கும் கருவியை முதுகில் ஓட்டினாள். நகராட்சி என்று காட்டியது. பழைய பாரத்தைத் தேடி எடுத்தாள். 'தெரு' என்று இருந்தது. தன் கையெழுத்தை ஒருத்தி நம்பாமல் வேறு யாருடையதை நம்புவாள்? நடுவில் அறுநூறு பூனைகள் அவள் கையைக் கடந்து போயிருந்தன. மோவாய்ப் பொட்டு நினைவில் இல்லை.

"சீட்டுக் கொடுக்கற பையங்க கொஞ்சிப் பழக்கியிருப்பாங்க" என்றாள். "இவ்வளவு சாதுவா இருக்கறது தெருவுல தாங்காது. கெர்லிண்டேகிட்ட அனுப்பிடலாம்."

கெர்லிண்டே ஜெர்மனியில் காசெல் நகரத்துக்காரி. அங்கே அவளுக்கும் ஒரு சங்கம். இங்கிருந்து வேனில் போகும் பூனைகளுக்கு அங்கே வீடு பார்த்துக் கொடுப்பாள். வருஷத்துக்கு அறுபது, எழுபது பூனைகள் அந்த வழியாகத்தான் பிழைத்தன. இந்த ஊரில் தத்துக் கேட்டு வருபவர்கள் வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்பார்கள், சோபாவைக் கீறினால் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். சிறு வயதில் அப்பா அம்மாவோடு ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்ததால் பார்த்தெனாவுக்கு ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. எல்லாக் கடிதமும் அவள்தான் எழுதுவாள், ஃபானிக்கு ஒரு எழுத்து தெரியாது. கெர்லிண்டேவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஆள் இருக்கிற பூனையை அனுப்பக் கூடாது. பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்று ஒரே ஒரு தடவை அப்படி அனுப்பி மாட்டிக்கொண்டது. அன்றோடு அதைக் கைகழுவிவிட்டாள்.

வெறிநாய்த் தடுப்பூசி போட்டு இருபத்தொரு நாள் காத்திருந்து, டிசம்பர் ஐந்தாம் தேதி லெமோனியா வேன் ஏறினாள். ஆர்கிரிஸ் ஊர் திரும்பியது பதினோராம் தேதி. ஆறே நாள்.

பன்னிரண்டாம் தேதி காலை கொட்டகைக்கு வந்தார். பாதி ஆளாக இருந்தார். மேல்சட்டை யாருடையதோ போலத் தொங்கியது. ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தார். குனிந்து எழும்போது ஒவ்வொரு தடவையும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என் பூனையைத் தேடி வந்தேன், பார்த்தெனா. மஞ்சள். மோவாயில கறுப்பா ஒரு பொட்டு இருக்கும். நாலு வருஷத்துக்கு முந்தி நீதான் காதை வெட்டிக் கொடுத்தே."

பார்த்தெனாவுக்கு இப்போது அந்தப் பொட்டு நினைவுக்கு வந்தது. கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"தேடிப் பாக்குறோம் அண்ணே" என்றாள். "நாளைக்கு வாங்க."

"ரொட்டிய வறுக்கற வாசம் வந்தா எங்க இருந்தாலும் வந்துடுவா. நேத்து ஒரு பொட்டலம் முழுக்க வறுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் குட்டி போட்ட பூனையைப் போல பார்த்தெனா கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். ஃபானியிடம் சொன்னாள். ஃபானி கையுறையைக் கழற்றாமலே யோசித்தாள்.

"செத்துப்போச்சுன்னு சொல்லிடுக்கா. செத்ததுக்கு அழுதா ஒரு மாசத்துல தீந்துடும். உசுரோட இருக்கறதுக்கு அழுதா தீரவே தீராது."

"அதுக்காகப் பொய் சொல்றதா?"

"இதுவரைக்கும் சொல்லாதவ மாதிரி பேசுறே."

மத்தியானம் கெர்லிண்டேவிடமிருந்து செய்தி வந்தது. பார்த்தெனா தனியாக இருந்தாள். 'உங்கள் மஞ்சள் பெண்ணைத் தத்தெடுத்த குடும்பம் கேட்கிறது. வந்த நாளிலிருந்து வாசல் கதவருகே உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கிறாளாம். இவளுக்கு வீடு இருந்திருக்குமோ என்று அவர்களுக்குச் சந்தேகம். யாராவது தேடுகிறார்களா? தேடினால், கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர்களே காரில் கொண்டுவந்து விடத் தயார். நல்ல மனிதர்கள்.'

இதைவிட நேரான கேள்வி ஒருவருக்கு வர முடியாது. 'ஆம்' என்று ஒரு சொல் போதும். பத்து நாளில் லெமோனியா மேட்டுத் தெருவில் இருப்பாள். பார்த்தெனா கூண்டுகளைப் பார்த்தாள். ஜனவரி வேனுக்குப் பதினோரு பூனைகள் காத்திருந்தன. சளியில் கண் ஒட்டிய மூன்று குட்டிகள், இடுப்பு முறிந்து தேறிய ஒரு தாய்ப்பூனை, ஒற்றைக் கண் கறுப்பன். 'ஆம்' என்று எழுதினால், நாலு வருஷத்துக்கு முன்பு அந்தப் பாரத்தை எழுதியது யார் என்ற கேள்வி வரும். ஏன் எழுதினாய் என்று வரும். இன்னும் எத்தனை அப்படி எழுதினாய் என்று வரும். கெர்லிண்டே கைகழுவினால் இந்தப் பதினொன்றும் இங்கேயே இருமிச் சாகும்.

கணக்கு சரியாகத்தான் வந்தது. பதினோரு உயிரும் ஒரு மனிதரின் ஒரு பூனையும். ஆனால் அந்தக் கணக்குக்குள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது, அது அவளுக்கும் தெரியும்: சங்கத்துக்குப் பெயர் கெடும், சங்கம் என்றால் அவள். 'தெருப்பூனைகள் முதல் மாதம் அப்படித்தான் கத்தும். பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாரும் தேடவில்லை' என்று எழுதி அனுப்பினாள். கெர்லிண்டே ஒரு பூனைப் பாதத்தின் படத்தைப் பதிலாக அனுப்பினாள்.

மறுநாள் ஆர்கிரிஸ் வந்தபோது பார்த்தெனா எழுந்து நின்றுகொண்டே சொன்னாள். நவம்பரில் துறைமுகச் சாலையில் கார் மோதியது, அவள்தான் எடுத்தாள், மூச்சு இருந்தது, டாக்டரிடம் போவதற்குள் நின்றுவிட்டது.

"ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

"இல்லண்ணே. என் துண்டுல சுத்தி வச்சிருந்தேன். மடியிலதான் போனா."

இந்தத் துண்டும் மடியும் தேவையே இல்லை. பொய் சொல்ல ஆரம்பித்தால் அலங்காரமும் கூடவே வந்துவிடுகிறது. ஆர்கிரிஸ் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து, உதடு கோண அழுதார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் புதுத் துண்டு, நல்ல கெட்டி நீலத் துண்டு. "உன் துண்டு அவளோட போயிடுச்சில்ல" என்றார். பார்த்தெனா வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்ய முடியும்?

அதோடு விட்டாரா? "நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா அவ ரோட்டுல அநாதையாக் கிடந்திருப்பா" என்று சொல்லி, தினமும் காலை ஆறரைக்குக் கொட்டகைக்கு வர ஆரம்பித்தார். கூண்டு கழுவினார். கூரையில் தகரம் அடித்து ஒழுகலை நிறுத்தினார். மருந்து குடிக்காத பூனையைக் கக்கத்தில் இடுக்கி, பல்லுக்கு இடையில் சொட்டு விட்டார். ஆறு வருஷமாகப் பார்த்தெனா கெஞ்சியும் கிடைக்காத உதவி, ஒரு பொய்யின் கூலியாக வந்து சேர்ந்தது. தினமும் "காலை வணக்கம், பார்த்தெனா, தூங்கினியா?" என்று கேட்பார். அவள் தூங்கியிருக்கமாட்டாள்.

காசெலிலிருந்து படங்கள் வரும். மற்றப் பூனைகளின் படங்களை ஃபானி அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவாள். மஞ்சள் பூனையின் படத்தைப் பார்த்தெனா அவளிடம் கொடுக்கவே மாட்டாள். இரண்டு தடவை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்தாள். இரண்டு தடவையும் அவர் ஏதாவது ஒரு குட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. நாள் கூடக் கூட, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போயிற்று.

செப்டம்பரில் கெர்லிண்டே நேரில் வந்தாள். நெட்டையான, வாய் நிறையச் சிரிக்கிற பெண்மணி. கொட்டகை வாசலில் மேசை போட்டு ஃபானி மத்தி மீன் பொரித்தாள், திராட்சைச் சாராயம் வைத்தாள். பார்த்தெனா ஆர்கிரிஸை மேசையின் அந்தக் கோடியில் உட்கார வைத்தாள். ஆனால் தகரம் அடித்தவர், மருந்து புகட்டுபவர் என்று கேள்விப்பட்ட கெர்லிண்டே, தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். செல்போனை எடுத்துக் காசெலுக்குப் போன பூனைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவருக்கு ஜெர்மன் தெரியாது, அவளுக்குக் கிரேக்கம் தெரியாது. பூனைப் படத்துக்கு மொழி எதற்கு? அவர் தாய்ப்பூனையைக் கண்டு சிரித்தார், ஒற்றைக் கண் கறுப்பனைக் கண்டு கைதட்டினார்.

பிறகு அவர் விரல் நின்றது.

"பார்த்தெனா. இது யாருன்னு கேளு."

அவள் அங்கிருந்தே பார்த்தாள். ஜன்னல் திண்டில் மஞ்சள் பூனை, மோவாயில் பொட்டு. கேட்டாள்.

"ஓ, இது மத்தில்டே, அந்த வீட்டுல வச்ச பேரு" என்றாள் கெர்லிண்டே உற்சாகமாக. "பாவம், மூணு வாரம் வாசல் கதவுகிட்டயே உட்கார்ந்து கத்தினா. அந்தக் குடும்பம் பயந்தே போச்சு. யாராவது தேடறாங்கன்னா நாங்களே கொண்டுபோய் விட்டுடறோம்னு ஒத்தைக்கால்ல நின்னாங்க. ஞாபகம் இருக்கா? நீங்கதான் தைரியம் சொன்னீங்க. இப்ப அந்த வீட்டுக்கே ராணி அவதான்."

"என்ன சொல்றா?" என்று ஆர்கிரிஸ் கேட்டார்.

"நல்லா இருக்காளாம்."

"அவ பேசினது எவ்வளவு நேரம். நீ சொல்றது ஒரு வார்த்தை." அவர் குரல் உயரவில்லை. "முழுசாச் சொல்லு."

ஃபானி அடுப்பை அணைத்தாள். பார்த்தெனா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மூணு வாரம் கதவுகிட்ட உட்கார்ந்து கத்தினாளாம். யாராவது தேடறாங்களான்னு அந்தக் குடும்பம் கேட்டுச்சாம். தேடினா அவங்களே கொண்டுவந்து விடறோம்னு சொன்னாங்களாம்."

"யார்கிட்ட கேட்டாங்க?"

"என்கிட்ட."

"எப்போ?"

"நீங்க முதல்ல தேடி வந்தீங்களே, அன்னிக்கு மத்தியானம்."

கெர்லிண்டே புன்னகையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்கிரிஸ் படத்தின்மேல் தடித்த விரல்களை வைத்து, பெரிதாக்கத் தெரியாமல் தேய்த்தார்.

"குண்டாயிட்டா" என்றார்.

"அண்ணே, இப்பவே இவகிட்ட சொல்லிடறேன். வரவழைச்சிடறேன். எது போனாலும் போகட்டும்."

"இப்பவும் கத்துறாளா?"

"இல்ல."

"அப்ப விடு. ஒரு வீட்டுலேர்ந்து பிடுங்கினது போதும்." செல்போனை மேசையில் வைத்தார். "இந்தம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. இடி இடிச்சா துணி அலமாரிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லு. உள்ள போய் உட்கார்ந்துக்குவா. மூடியிருந்தா மூக்குல ரத்தம் வர்ற வரைக்கும் முட்டுவா."

பார்த்தெனா மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லும் விடவில்லை. கெர்லிண்டேவின் கண் விரிந்தது.

"அட, அவங்களும் இதைத்தான் சொன்னாங்க, அலமாரியில முட்டுறாள்னு. இவருக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே இருபத்து மூன்று பூனைகள் இருந்தன. ஒன்று கூண்டைப் பிறாண்டியது. எது போனாலும் போகட்டும் என்று சொல்லி இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அவர் ரொம்ப வருஷமா பூனைகளோட பழகினவர்" என்றாள் பார்த்தெனா ஜெர்மனில்.

கெர்லிண்டே மகிழ்ந்துபோய் அவர் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

"இப்ப என்ன சொன்னே?" என்று அவர் கேட்டார்.

அவள் அதையே கிரேக்கத்தில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, தட்டை எடுத்துப்போய்க் குழாயில் கழுவி வைத்துவிட்டு, மேடேறிப் போனார்.

இனி வரமாட்டார் என்று பார்த்தெனா நினைத்தாள். வராமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தாள். மறுநாள் காலை ஆறரைக்கு வந்துவிட்டார். தண்ணீர் பிடித்தார், கூண்டுகளைக் கழுவினார், சளிக் குட்டிக்குச் சொட்டு விட்டார். ஃபானிக்கு மட்டும் வணக்கம் சொன்னார். பார்த்தெனா மூன்றடி தூரத்தில் நின்று, அவர் வாயைத் திறந்து திட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள், திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"ஃபானி" என்றார் அவர், துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு, பார்த்தெனாவைப் பார்க்காமலே. "பூனைக்குப் போடற மணல் ரெண்டு மூட்டைதான் இருக்கு. அந்தம்மாகிட்ட சொல்லிடு."

ஃபானி இருவரையும் பார்த்தாள். பிறகு பார்த்தெனாவின் பக்கம் திரும்பி, மணல் இரண்டு மூட்டைதான் இருக்கிறதாம் என்று சொன்னாள்.